திசை லைப்ரரி கிடைக்கவில்லை

தேரி நிலையம், கலிஸ்டோ (வியாழனின் துணைக்கோள்)
பதிவு எழுதுபவர்: பியூலா ஞானதுரை, நிலையப் பொறியாளர்

நாள் 611 — 07:30

நிலைய அழுத்தம் இயல்பு. உள் வெப்பம் 19 டிகிரி. துளையிடும் எந்திரம் நேற்று எட்டு மீட்டர் பனி தோண்டியது, மாதிரிகள் பெட்டியில். உணவு இருப்பு 250 நாள். ஆட்கள் 1. அந்த ஒன்று நான்தான். பின்னால் வந்து இதை எடுத்துப் படிப்பவர் யாரோ, அவருக்காகத்தான் இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு எழுதுவதே ஆகாது.

இன்னும் பதினோரு நாளில், நாள் 622 பகல் 14:10-க்கு, பூமிக்குப் போகும் வழி திறக்கிறது. அப்போது திரும்பும் கலத்தில் ஏறிப் படுத்தால், உறக்கத்திலேயே பயணம் முடிந்துவிடும். தவறவிட்டால் அடுத்த வழி 399 நாள் கழித்து. மேலே எழுதிய 250-ஐப் பார்த்தால் அது எனக்கு உதவாது என்பது புரியும்.

கலத்தின் கணினியைச் சோதித்தேன். பறக்கும் நிரல் கதிர்வீச்சில் கெட்டிருக்கிறது. இரண்டு பிரதியும் கெட்டிருக்கிறது. பதற்றம் இல்லை. மூல நிரல் முழுவதும் நிலைய வட்டில் இருக்கிறது. மறுபடி பில்ட் செய்து ஏற்றினால் முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவேன்.

நாள் 611 — 11:15

பில்ட் நின்றுவிட்டது. திரையில் ஒரே வரி: “திசை லைப்ரரி கிடைக்கவில்லை. பில்ட் நிறுத்தப்பட்டது.”

படிப்பவர் மென்பொருள்காரராக இல்லாமல் இருக்கலாம். மனிதர்கள் எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவில் கோத்துத் தருவதுதான் பில்ட். ஏற்கெனவே ஒருவர் எழுதிவைத்த பகுதியை மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறோமே, அது லைப்ரரி. திசை என்ற லைப்ரரிதான் கலம் எங்கே இருக்கிறது, பூமியின் காற்றுக்குள் எந்தக் கோணத்தில் நுழைய வேண்டும், எப்போது பாராசூட் விரிக்க வேண்டும் என்று சொல்லும். அது இல்லாமல் கலம் வெறும் தகரப் பெட்டி.

இதெல்லாம் தினம் நடக்கிற தொல்லை. ஃபோல்டர் மாறிக் கிடக்கும். பார்க்கிறேன்.

நாள் 611 — 15:50

ஃபோல்டர் மாறவில்லை. பெயரில் பிழை இல்லை. பதிப்பு எண் சரி. பழைய இடைக்கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி முயன்றேன், அதே வரி. நிலைய வட்டு முழுவதும் தேடினேன். திசை என்னவெல்லாம் செய்யும் என்ற பட்டியல் இருக்கிறது, செய்யும் சரக்கு இல்லை. ஓட்டலில் விலைப்பலகை மாட்டியிருக்கிறது, பின்னால் அடுப்பே இல்லை.

திசையை எழுதியவர் கோமதிநாயகம். எனக்குக் கோமதி அண்ணாச்சி. பன்னிரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இப்போது அவர்தான் பூமியில் தொடர்புத் துறைத் தலைவர். என் செய்தி எதுவானாலும் அவர் மேசைக்குத்தான் முதலில் போகும். நான் கேட்டுப் பதில் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அனுப்பினேன்:

“அண்ணாச்சி, திசை வட்டுல இல்ல. பேர் மட்டும் இருக்கு, சரக்கு இல்ல. எங்க வச்சிருக்கீங்கன்னு பாத்து அனுப்புங்க. அவசரம் ஒண்ணும் இல்ல, ஆனா சீக்கிரம்.”

நாள் 612 — 08:05

பதில் வந்தது.

“பியூலாம்மா, நல்லா இருக்கியா? திசைதான? இங்கதான் எங்கயாச்சும் கெடக்கும். நீ ஒண்ணும் பதறாத, நான் தேடி அனுப்பிருதேன். பத்து நாளு இருக்குல்லா. நீ வந்து எறங்குன அன்னைக்கே நம்ம வீட்டுலதான் சாப்பாடு, ஒங்க மைனிகிட்ட இப்பமே சொல்லிட்டேன்.”

மனசு லேசாகிவிட்டது. மைனி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, வைக்கும் மீன்குழம்பை நினைத்துக்கொண்டே டப்பா கஞ்சியைக் குடித்தேன்.

நாள் 613 — 10:20

எதுவும் வரவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல், புறப்படும் முன் எடுத்த பழைய பில்ட் அறிக்கையைத் திறந்தேன். திசை எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று அதில் இருக்கும். இருந்தது. கோமதி அண்ணாச்சியின் சொந்த மெஷின், அவருடைய சொந்த ஃபோல்டர், ‘சோதனை’ என்ற துணை ஃபோல்டர்.

அப்படி இருக்கவே கூடாது. எங்கள் அலுவலகத்தில் ‘சுத்தப் பெட்டி’ என்று ஒரு கணினி உண்டு. எதனோடும் இணைக்காதது, உள்ளே ஒன்றுமே இல்லாதது. விண்ணுக்குப் போகும் நிரலை அதில் வைத்துத்தான் கடைசியாகப் பில்ட் செய்ய வேண்டும். எது விட்டுப்போயிருந்தாலும் அங்கே நின்றுவிடும். விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதற்காகவே இருக்கிற பெட்டி அது.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆயுத பூஜை. அலுவலகத்தில் ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பொட்டு வைத்த எதையும் மறுநாள் வரை தொடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். சுத்தப் பெட்டிக்கும் பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டார்கள். வட்டுகளை அனுப்ப வேண்டிய கெடுவும் அதே நாள்தான். ‘சுத்தப் பெட்டியில் பில்ட் ஆனது’ என்று எழுதிய தாளைக் கோமதி அண்ணாச்சி நீட்டினார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். வலது கையில் பேனா, இடது கையில் பொரிகடலை.

பூஜையின் மேல் பழி போட மாட்டேன். ஒரு நாள் கெடு கேட்டு வாங்கியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. நானும் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நம்ம அண்ணாச்சிதானே என்று இருந்துவிட்டேன்.

நாள் 613 — 13:40

அனுப்பினேன்: “அண்ணாச்சி, அன்னைக்கு சுத்தப் பெட்டியில பில்ட் பண்ணவே இல்லையா? உள்ளதச் சொல்லுங்க, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். திசை உங்க மெஷின்லதான இருக்கு? அத அப்படியே அனுப்பிருங்க.”

பதில்: “ஆமா பியூலாம்மா. ஒரு நாளுதானன்னு செஞ்சிட்டேன். ஃபைலு பத்திரமா இருக்கு, ரெண்டு நாளு குடு. இது டைரக்டர் காதுக்கு மட்டும் போயிரக் கூடாது, கேட்டியா? என் பொழப்பு போயிரும். நீயும்தான கையெழுத்துப் போட்டிருக்க.”

கடைசி வரி என்னவோ போல் இருந்தது. ஆனால் உண்மைதான். சரி என்று அனுப்பிவிட்டேன். இப்போது படிப்பவர் சிரிக்கலாம். சிரியுங்கள்.

நாள் 616 — 09:10

திசை வந்துவிட்டது. ஏற்றினேன். ஓட்டினேன்.

“பில்ட் வெற்றி.”

சத்தம் போட்டுக் கத்தினேன். கேட்க யாருமில்லை என்பதால் இரண்டாவது தடவையும் கத்தினேன். இரும்புத் தரையில் தங்கு தங்கென்று குதித்தேன். இங்கே ஈர்ப்பு குறைவு, தலை கூரையில் இடித்தது. அண்ணாச்சிக்கு நன்றி அனுப்பினேன். அவரை மூன்று நாளாக மனதுக்குள் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது.

நாள் 617 — 10:00

காலையில் எழுந்ததும் ஒன்று உறுத்தியது. திசை சேர்ந்தால் பில்ட் நாற்பது நிமிடம் ஓடும். அதற்குள் நட்சத்திர அட்டவணையே அவ்வளவு பெரிது. நேற்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

சோதித்தேன். பூமி வியாழனுக்குள்ளே இருக்கிறது என்று கொடுத்தேன். ‘சரி’ என்றது. கலத்தின் எடை பூஜ்யம் என்றேன். ‘சரி’. நான் இப்போது பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நிற்கிறேன் என்றேன். அதற்கும் ‘சரி’.

ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. திசை செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலையின் பெயரும் இருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் ஒரே உத்தரவு: என்ன கேட்டாலும் சரி என்று சொல்.

இப்படிப்பட்ட வெற்று லைப்ரரியை நாங்கள் எல்லோரும் செய்வதுண்டு. மேலதிகாரிக்குக் காட்ட வேண்டிய நாளில் வேலை முடியாவிட்டால், பில்ட் நிற்காமல் இருக்க ஒப்புக்கு ஒன்றை வைப்போம். மறுநாள் எடுத்துவிடுவோம். ஆள் ஏறிப் படுக்கிற கலத்தில் யாரும் வைப்பதில்லை.

அதில் உருவான தேதி இருக்கிறது. நாள் 615. பழைய ஃபைல் தவறிப்போய் வந்துவிடவில்லை. எனக்காகவே உட்கார்ந்து செய்திருக்கிறார்.

நாள் 617 — 15:05

கேட்டேன்: “அண்ணாச்சி, இது வெத்து ஃபைலு. தெரிஞ்சேதான் அனுப்பினீங்களா?”

பதில்: “நீ டெஸ்ட்டு பண்ணத் தெரியாம பண்ணியிருக்க. ஒத்தையில கெடந்து மனசு கொழம்பியிருக்கும். அதான் அசலு. ஏத்திட்டுக் கெளம்புட்டி.”

பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னை மரியாதை விட்டு ‘ட்டி’ போட்டுப் பேசியதில்லை. என் மனசு குழம்பவில்லை. இதை எழுதிவைக்கிறேன், தேதி போட்டு.

நாள் 617 — 16:30

டைரக்டர் அறிவுடைநம்பி பெயருக்கு முழு அறிக்கை அனுப்பினேன். பில்ட் அறிக்கை, வெற்று ஃபைல், என் கையெழுத்து உட்பட எல்லாம். அதுவும் அண்ணாச்சி மேசை வழியாகத்தான் போகும். வேறு வழி கிடையாது. இருந்தாலும் அனுப்பினேன்.

நாள் 619 — 12:00

டைரக்டரிடமிருந்து பதில் இல்லை. திசையை நானே எழுதுகிறேன். முதுகு ஒடிகிறது. நட்சத்திரங்களைப் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் பகுதி முடிந்தது. கரடுமுரடு, ஆனால் பொய் சொல்லாது.

பூமியின் காற்றுக்குள் இறங்கும் பகுதி முடியவில்லை. அதற்கு 140 எண்கள் வேண்டும். இந்தக் கலத்தின் வெப்பக் கவசத்தைச் சுட்டுச் சுட்டு எடுத்த எண்கள். ஊகித்துப் போட முடியாது, கொஞ்சம் தவறினாலும் சாம்பல். அவை பூமியில் கவசப் பிரிவில் காகிதத்திலேயே இருக்கின்றன. போய் ஒரு வார்த்தை கேட்டால் போதும், கொடுத்துவிடுவார்கள். எதற்கு என்று மட்டும் கேட்பார்கள்.

அனுப்பினேன்: “அண்ணாச்சி, திசை வேண்டாம். நூத்தி நாப்பது நம்பர் போதும். கவசப் பிரிவுல கேட்டு வாங்கி அனுப்புங்க. பழி முழுக்க நான் ஏத்துக்கிடுதேன். நான்தான் சரிபாக்காம கையெழுத்துப் போட்டேன்னு எழுதியே தாரேன். கால்ல விழுதேன் அண்ணாச்சி.”

நாள் 621 — 09:30

இரண்டு நாள் கழித்துப் பதில்.

“தைரியமா கெளம்பு பியூலாம்மா. எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ எறங்கையில நான் கீழ நிப்பேன்.”

எண்கள் இல்லை. ஒரு எண்கூட இல்லை.

நாள் 622 — 14:30

14:10 போய்விட்டது. நான் போகவில்லை.

ஒரு மணி முதல் கலத்துக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். வார் மாட்டினேன், கழற்றினேன். என் அரைகுறைத் திசை என்னைப் பூமிக்குப் பக்கத்தில் கொண்டுவிடும். அதற்குப் பிறகு எரித்துவிடும். 14:10 ஆனபோது திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 14:11 ஆனது. அழுதேன். இந்த 622 நாளில் அழாததை எல்லாம் சேர்த்து அழுதேன்.

உணவு 239 நாள். அடுத்த வழி 399.

புறப்படவில்லை என்று அனுப்பிவிட்டேன்.

நாள் 624 — 11:00

வாராந்திரச் செய்தித் தொகுப்பு வந்தது. இதைப் பூமியிலிருந்து எந்திரமே அனுப்பும், யார் கையும் படாது. அதனால்தான் வந்திருக்கிறது. அப்படியே படியெடுக்கிறேன்:

“கலிஸ்டோவிலிருந்து புறப்பட்ட கலம் விபத்துக்குள்ளானது. பொறியாளர் பியூலா ஞானதுரை உயிரிழந்தார். முறையாகச் சோதிக்காத நிரலை அவரே ஏற்றிக்கொண்டு கிளம்பியதே விபத்துக்குக் காரணம் எனத் தொடர்புத் துறைத் தலைவர் கோமதிநாயகம் கண்ணீர் மல்கத் தெரிவித்தார்.”

ஒரு படமும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச் வாசல், எனக்கான அஞ்சலிக் கூட்டம். என் தம்பி கிருபாகரன் வெள்ளைச் சட்டையில் நிற்கிறான். மெலிந்துவிட்டான். அவன் தோளில் கை போட்டு நிற்பவர் கோமதி அண்ணாச்சி.

அந்தக் கையை எடுடா என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

நாள் 624 — 14:20

எல்லா அலைவரிசையிலும் அனுப்பினேன்: “நான் உயிரோட இருக்கேன். கலம் கெளம்பவே இல்ல. பியூலா பேசுதேன். யாராவது கேளுங்க.” எந்த அலைவரிசையில் அனுப்பினாலும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கும் ஆன்டெனா பூமியில் ஒன்றுதான். அது யார் கையில் என்று எழுத வேண்டியதில்லை.

ஒரே ஒரு பதில். குரல் செய்தி. எழுதிவைக்கிறேன்.

“பியூலாம்மா. திசை இல்ல. நீ போயி ஆறே மாசத்துல பழைய மெஷினக் கழிச்சுக் கட்டிட்டாவ, வட்ட அழிச்சிட்டாவ. நான் மறந்தே போயிட்டேன். சொன்னா ஜெயிலு. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய. நீ கெளம்பியிருந்தா ஒனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது, தூங்கிட்டே இருந்திருப்ப. நீ கெளம்பலன்னா நான் என்ன செய்ய? கெளம்பிட்டன்னு சொல்லிட்டேன்.”

மூன்று தடவை கேட்டேன். கோபம்கூட வரவில்லை. இவரா, இவரா என்றுதான் இருந்தது. என் கல்யாணம் நின்றுபோனபோது ஒரு மாதம் என்னை வீட்டில் வைத்துச் சோறு போட்ட மனிதர் இவர்.

நாள் 625 — 10:12

பூமியிலிருந்து உத்தரவு. நிலையத் திரையில்: “தேரி நிலையம் ஆளில்லா நிலைக்கு மாறுகிறது. ஆட்கள் 0. வெப்பமும் காற்றும் 60 நிமிடத்தில் நிறுத்தப்படும்.” அனுமதித்தவர்: கோமதிநாயகம்.

என் கடவுச்சொல்லை நிலையம் ஏற்கவில்லை. செத்தவளின் கடவுச்சொல். ரத்து செய்யும் சாவி பூமியில் மட்டும்.

நாள் 625 — 10:40

கையேட்டில் ஒரு விதி கண்டேன். இந்த அறுபது நிமிடமும் பூமியின் அலை தொடர்ந்து வர வேண்டும். அறுந்தால் எண்ணிக்கை நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே அந்த அலையை வாங்கும் கருவியின் கம்பியை அறுத்தால் பிழைப்பேன். பிறகு பூமி என்ன சொன்னாலும் எனக்குக் கேட்காது. அலை வாங்க வேறு கருவி இல்லை.

குறடு கையில். டைரக்டர் இப்போது பதில் அனுப்பினால்? தம்பி கேட்டால்? கடைசி நேரம் வரை காத்திருக்கிறேன்.

நாள் 625 — 11:03

9 நிமிடம் மிச்சம் இருந்தபோது ஒரு குரல் செய்தி வரத் தொடங்கியது. அவர் மேசையிலிருந்து. முழுதும் வர இருபது நிமிடம் ஆகும் என்று காட்டியது. வரும் வரை கேட்க முடியாது. ரத்து உத்தரவாக இருந்தால் தனியாக, முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். செய்திக்குப் பின்னால் வரலாம் என்றும் நினைத்தேன். அந்த ஆளை நம்பி உட்கார என்னால் முடியவில்லை.

அறுத்துவிட்டேன். எண்ணிக்கை 8:41-இல் நின்றது. காற்று வருகிறது.

நாள் 627

நேரம் போடவில்லை. எதற்கு.

வந்தவரைக்கும் செய்தியைப் பிரித்தேன். இரண்டு சொல் தேறியது.

“பியூலாம்மா, பொறு”

அவ்வளவுதான். கம்பியின் இரண்டு முனையும் மேசை மேல் இருக்கின்றன. சேர்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. சேர்த்தால் 8:41-இலிருந்து தொடரும். அவர் ரத்து செய்திருந்தால் நின்றுவிடும். செய்யாவிட்டால் நிற்காது. 140 எண்களும் வந்துகொண்டிருக்கலாம். மன்னிப்பு மட்டும் வந்திருக்கலாம். டைரக்டர் பக்கத்திலேயே நின்றிருக்கலாம்.

பொறு என்கிறாரே, அதில் அழுகை இருக்கிறதா, அவசரம் இருக்கிறதா என்று காலையிலிருந்து கேட்கிறேன். நூறு தடவைக்கு மேல் இருக்கும். ஒரு தடவை இருக்கிறது மாதிரி, ஒரு தடவை இல்லாத மாதிரி. பன்னிரண்டு வருடம் அந்தக் குரலை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.